இரண்டு போத்தல் சூக்கா

எங்கள் எரிமலை ஒரு முழ உயரம் இருந்தது. ஓடைக்கரையிலிருந்து பிள்ளைகள் வாளியில் சுமந்து வந்த களிமண்ணைக் குழைத்து எழுப்பிய மலை அது. அதன் உள்ளே, உச்சியில் வாய் தெரியும்படி, ஒரு மங்கு புதைந்திருந்தது. ரப்பர் மரத்தில் பால் பிடிப்பதற்குக் கட்டுவார்களே, அதே மங்கு. மலையடிவாரத்தில் லாலாங் புல்லைப் பிடுங்கி நட்டிருந்தார்கள். தீப்பெட்டிகளை வரிசையாக ஒட்டி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் ஒன்று கட்டி, அந்த லயத்துக்கு ஒரு கோயிலும் வைத்திருந்தார்கள். எரிமலை வெடித்தால் கோயில் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"சாமி பார்த்துக்கும் சார்" என்றான் கவிநேசன்.

"லயத்த யாரு பார்த்துக்குவா?" என்று அவனை மடக்கினாள் பவானேஸ்வரி.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. அறிவியல் என்பது தனிப் பாடமாக எங்கள் ஆரம்பப் பள்ளிகளுக்குப் புதிதாக வந்திருந்த காலம். ஏழாங்கட்டைத் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு நானும் புதியவனாகவே வந்திருந்தேன். மலாக்கா பட்டணத்தில் பிறந்து, பட்டணத்துப் பள்ளியிலேயே பன்னிரண்டு ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்கு, ஜாசினிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம் உள்ளே போக வேண்டிய அந்தத் தோட்டம் வேறு நாடாகவே தோன்றியது. சுற்றுவட்டாரத் தோட்டங்கள் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறிக்கொண்டிருந்தபோதும் ஏழாங்கட்டையில் ரப்பர் மரங்களே நின்றன. மரத்திலிருந்து சீவி எடுத்த பாலை ஸ்டோருக்குக் கொண்டுவந்து, தொட்டியில் உறைய வைத்து, தகடாக உருட்டிக் காயப் போடுவார்கள். பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியாக அந்த ஸ்டோரின் தகரக் கூரை தெரியும். காற்று திரும்பினால் அதன் வாடையும் வரும்.

பள்ளியில் ஆய்வுக்கூடம் கிடையாது. ஓர் அலமாரி இருந்தது. அதில் ஒரு பூதக்கண்ணாடியும் இரண்டு காந்தங்களும் உடைந்த வெப்பமானி ஒன்றும் இருந்தன. ஆகையால் வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு என்ன செய்யலாம் என்று யோசித்துத்தான் எரிமலையைத் தேர்ந்தெடுத்தேன். பெற்றோர் தினத்தன்று, அனைவர் முன்னிலையிலும் அதை வெடிக்கச் செய்வது என் திட்டம்.

எரிமலைக்கு வேண்டியவை இரண்டே பொருள்கள். ஒன்று ஆப்ப சோடா. அதை நான் வாங்கி வைத்துவிட்டேன். மற்றது வினிகர். வினிகருக்கு மலாயில் சூக்கா என்று பெயர். பட்டணத்து வீட்டில் நாங்களும் அப்படியே சொல்லுவோம். பச்சை மிளகாயை நறுக்கிச் சூக்காவில் ஊறப்போட்டு, பொரித்த மீ நூடுல்ஸோடு தொட்டுக்கொள்ளாத வீடு எங்கள் தெருவில் இல்லை.

"யார் வீட்டில் சூக்கா இருக்கிறது?" என்று ஐந்தாம் ஆண்டு வகுப்பில் கேட்டேன்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பவானேஸ்வரியின் கை உயர்ந்தது. பதினொரு வயதுப் பெண், வாய் ஓயாதவள். நான் ஒரு கேள்வியை முடிப்பதற்குள் அவள் விடையை முடித்திருப்பாள்.

"எங்கம்மாகிட்ட இருக்கு சார். நிறைய இருக்கு. ட்ரம்மு ட்ரம்மா இருக்கு."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "ட்ரம் வேண்டாம் அம்மா, ஒரு போத்தல் போதும்" என்றேன்.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பெற்றோர் கூடினார்கள். காலை வேலையை முடித்துக் குளித்துவிட்டு வந்த முப்பது பேர் இருக்கலாம். தலைமையாசிரியர் தம்புசாமி கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் தோட்ட அலுவலகத்துக் கிராணி பாலகிருஷ்ணன். தோட்டத்தில் கணக்கும் கடிதமும் அவர் கையில்தான். ஆகையால் பள்ளி விழாக்களில் அவருக்கு எப்போதும் கைப்பிடி வைத்த நாற்காலி. பவானேஸ்வரியின் தாய் ராஜம்மா இன்னும் வரவில்லை. "அம்மா தொட்டி கழுவிட்டு வருவாங்க சார். என்னோட எரிமலைய அவங்க வர்றவரைக்கும் வெடிக்க விடக் கூடாதுன்னு சொன்னாங்க" என்றாள் அவள். எரிமலை எப்போது அவளுடையதாயிற்று என்று கவிநேசன் முணுமுணுத்தான். கால்மணி நேரம் காத்திருந்தோம். அதற்கு மேல் தம்புசாமி கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

பவானேஸ்வரி கரண்டியால் சோடாவை அள்ளி மங்குக்குள் போட்டாள். நான் சிவப்புச் சாயத்தைக் கலந்தேன். பிறகு அவள் கொண்டுவந்திருந்த போத்தலின் மூடியைத் திறந்தேன். பழைய சாஸ் போத்தல். உள்ளே தண்ணீர் போன்ற திரவம். வாடை மூக்கைக் குத்தியது. கடைச் சூக்காவைவிடக் காரமாக இருக்கிறதே, தோட்டத்தில் வீட்டிலேயே காய்ச்சுவார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

மூன்றாவது வரிசையில் சலசலப்பு எழுந்தது. ஸ்டோரில் தகடு உருட்டும் ஜெயமணி என்ற பெண்மணி மூக்கைச் சுளித்தபடி எழுந்து நின்றார்.

"சார்! அது சூக்கா சார்!"

ஊரார் ஆர்வமாகக் கவனிக்கிறார்களே என்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. "ஆமாம்மா, சூக்காதான்" என்றேன்.

"ஐயோ, சூக்காங்கிறேன் சார்! ஊத்தாதீங்க!"

"பயப்படாதீர்கள். சாப்பிடுகிற பொருள்தான்."

"சாப்பிடுறதா?" என்று யாரோ அலறியது என் காதில் விழுந்தபோது, பாதிப் போத்தல் மங்குக்குள் போயிருந்தது.

மலை குமுறவில்லை, சீறியது. சிவப்பு நுரை ஒரே மூச்சில் மேலே பாய்ந்து, மேசையிலும் என் இடக்கையிலும் கன்னத்திலும் தெறித்தது. பட்ட இடமெல்லாம் நெருப்பை வைத்தாற்போல் எரிந்தது. புகைபோல் எழுந்த வாடையில் முன்வரிசை முழுவதும் இருமத் தொடங்கியது. பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். தீப்பெட்டி லயம் சிவப்பு வெள்ளத்தில் மிதந்தது.

பவானேஸ்வரியை ஜெயமணி ஒரு கையால் பின்னுக்கு இழுத்துவிட்டார். மறு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு நடந்தார். நான் கையைச் சட்டையில் துடைக்கப் போனேன்.

"தேய்க்காதீங்க சார்! தண்ணிதான். ஊத்திக்கிட்டே இருங்க. நிப்பாட்டக் கூடாது." இரண்டு பெண்கள் மாறி மாறி மொண்டு ஊற்றினார்கள். ஜெயமணி தம் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். வெள்ளை வெள்ளையாய்ப் பழைய தழும்புகள். "எங்களுக்கெல்லாம் படாததா? ரெண்டு வாரத்துல தோலு உரிஞ்சிரும். ஆனா சார், பிள்ளைங்க முன்னால இத வெச்சா விளையாடுவீங்க?"

எது என்ன என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். வகுப்பறையில் கிராணி அந்தப் போத்தலைக் கைக்குட்டையால் பிடித்து முகர்ந்துகொண்டிருந்தார்.

"பால் உறைய வைக்கிற ஆசிட்டு. நம்ம ஸ்டோர் சரக்கு." அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் அச்சமூட்டியது. "ஏம்மா, இத யாரு குடுத்தா?"

"எங்கம்மா" என்றாள் பவானேஸ்வரி. எப்போதும்போல் கேள்வி முடிவதற்குள் வந்த விடை. சொன்ன பிறகுதான் அவள் வாசற்படியைப் பார்த்தாள். அங்கே நல்ல புடவை கட்டி, ஈரத்தலையில் துண்டு சுற்றியபடி, மகளின் எரிமலையைப் பார்க்க வந்த ராஜம்மா நின்றுகொண்டிருந்தார்.

"நான்தான் கிராணி குடுத்தேன். சார் கேட்டாங்கன்னு பிள்ள சொல்லுச்சு."

"ஸ்டோர் சாமான் வெளிய போகக் கூடாதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"நான் பார்த்துட்டேன் ராஜம்மா. பார்த்தத எழுதாம விட்டா என் வேலை போயிரும். திங்கக்கிழமை எட்டு மணிக்கு ஆபீசுக்கு வா."

ராஜம்மா தலையசைத்தார். பிறகு என் கையைப் பார்த்தார். "ஐயோ சார்" என்றார்; அவ்வளவுதான்.

தம்புசாமி தம் காரில் என்னை ஜாசின் கிளினிக்குக் கொண்டு போனார். வழி நெடுகிலும் அவர்தான் பேசினார். போன ஆண்டு இரண்டு கோணிச் சாக்கை எடுத்துப் போனதற்காக ஒருவனை வேலையைவிட்டு நிறுத்தினார்களாம். வேலை போனால் லயத்து வீடும் போகும். ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும்.

"ராஜம்மா புருஷன் நாகமுத்து செத்து ரெண்டு வருஷமாச்சு. அந்த வீடு இப்ப அவ ஸ்டோர்ல வேலை பார்க்கிறதுக்காக இருக்கு. அது போனா அந்தப் பொண்ணு பள்ளிக்கூடமும் போச்சு."

"நான் வினிகர்தான் சார் கேட்டேன்."

"அதத்தான் நீங்களும் சொல்லணும் மணியம். நீங்க கேட்டது ஒண்ணு, அவ குடுத்தது ஒண்ணு. அதோட நிப்பாட்டிக்குங்க. பிள்ளைங்களுக்கு முன்னால ஆசிட் ஊத்துனது வாத்தியார்னு கல்வி இலாகாவுக்குப் போச்சுன்னா, அறிவியல் பயிற்சிக்குன்னு நான் எழுதி அனுப்பியிருக்கிற உங்க பேரு என்னாகும்? பதினஞ்சு வருஷம் தலைமையாசிரியரா இருந்துட்டேன், எனக்குத் தெரியும்லா."

எனக்கும் அது சரியாகவே பட்டது. கேட்டது வினிகர், வந்தது அமிலம். இதில் என் பிழை எங்கே?

கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் தம்புசாமியை அனுப்பிவிட்டு, பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஜைனுதீன் மாமா கடைக்குள் நுழைந்தேன். அவருடைய தந்தை காலத்திலிருந்தே அங்கே நடக்கும் மளிகைக் கடை அது. அடுத்த வாரமாவது பிள்ளைகளுக்கு உண்மையான வினிகரைக் காட்ட வேண்டும் என்று தோன்றியது.

"ஒரு போத்தல் சூக்கா குடுங்க மாமா."

அவர் திரும்பாமலே கேட்டார்: "எந்தச் சூக்கா வாத்தியாரே? திங்கிறதா, ரப்பருக்கா?"

நான் என் கைக்கட்டைப் பார்த்தேன்.

"ரெண்டுக்கும் அதே பேரா?"

"பின்ன? மலாய்க்காரங்க ரப்பரோடத சூக்கா கெத்தான்னு முழுசாச் சொல்லுவாங்க. தோட்டத்து ஆளுங்களுக்கு வெறும் சூக்கான்னா அதுதான். அவங்க வீட்டுல புளி இருக்கு, எலுமிச்சங்கா இருக்கு. திங்கிற சூக்காவுக்கு அவங்க எங்க போறாங்க? பட்டணத்து ஆளு வந்தா மேல் தட்டுல கை வைப்பேன், தோட்டத்து ஆளு வந்தா கீழ. சட்டையப் பார்த்தே எடுத்துருவேன்." இப்போது திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்ககிட்டத்தான் குழப்பம். சட்டை பட்டணம். கையில கட்டு தோட்டம்."

என்னால் சிரிக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நான் ஒரு வார்த்தை கேட்டுக்குவேன். கேட்டுட்டுத்தான் எடுப்பேன். நீங்க கேட்டுக்கலையா வாத்தியாரே?"

நான் கேட்டுக்கொள்ளவில்லை. ட்ரம் ட்ரம்மாக இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னபோது சிரித்தேன். அது சூக்கா என்று ஒரு பெண்மணி கத்தியபோது ஆமாம் என்றேன். இரண்டு முறை என் காலடியில் கிடந்ததை நான் குனிந்து பார்க்கவில்லை.

இரண்டு சூக்காவிலும் ஒவ்வொரு போத்தல் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்துக்குப் போனேன். ராஜம்மா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுக்க ஓடினார். உள்ளே இரண்டு அட்டைப்பெட்டிகளில் பாத்திரங்கள் அடுக்கப்பட்டிருந்தன. காலி செய்யச் சொல்லும் முன்பே அவர் காலி செய்யத் தொடங்கியிருந்தார்.

"கை எப்படி சார் இருக்கு? தூங்குனீங்களா? நான் பாதிக்குப் பாதி தண்ணி கலந்துதான் சார் குடுத்தேன். பிள்ளைங்க தொட்டுட்டா என்ன பண்றதுன்னு. ஸ்டோர்ல வர்ற மாதிரியே குடுத்திருந்தா உங்க கண்ணு..."

என் கண் பிழைத்தது அந்தப் பாதித் தண்ணீரால் என்று அப்போதுதான் அறிந்தேன். கையைப் பற்றிய பேச்சை அங்கேயே விட்டுவிட்டேன்.

"தவறு என்னுடையது அம்மா. எங்கள் பட்டணத்தில் சூக்கா என்றால் வேறு பொருள். நாளைக்கு அலுவலகத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன்."

"வேணாம் சார். உங்க வேலைக்கு ஏதாச்சும் ஆயிரும். எங்களுக்கு என்ன, ரெம்பியாவுல என் தம்பி இருக்கான், அங்க போய்க்குவோம்." அவர் குரல் உறுதியாகத்தான் இருந்தது. கை மட்டும் முந்தானையின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இவதான் சார். நேத்துலேருந்து ஒரு வார்த்தை பேசல. கேட்டதுக்கு உடனே பதில் சொல்லித்தானே அம்மாவ மாட்டி விட்டேன்னு நினைக்கிறா."

பவானேஸ்வரி வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அவள் பேசாமல் இருப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. என்ன கேட்டாலும் தரையையே பார்த்தாள். மரத்தின் அடியில் சிவப்பெறும்புகள் ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்ததும் எனக்கு ஒரு கதை சொல்லத் தோன்றியது. எனக்குத் தெரிந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

"ஒரு காட்டில் ஒரு பால்மரம் இருந்தது. அதன் பால் ஒவ்வொரு விடியலிலும் ஒழுகி ஓடி மண்ணுக்குள் போய்விடும். என் பாலை யாராவது நிறுத்திக் கொடுங்களேன் என்று மரம் கெஞ்சியது. யானை வந்து காலை வைத்து அடைத்தது. பால் காலைச் சுற்றிக்கொண்டு ஓடியது. குரங்கு இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்தது. விரல் இடுக்கில் ஒழுகியது. கடைசியில் ஓர் எறும்பு வந்தது. எனக்குக் கடிக்கத்தான் தெரியும், வேறொன்றும் தெரியாது என்று வெட்கத்தோடு சொன்னது. அப்படியானால் கடி என்றது மரம். எறும்பு பாலைக் கடித்தது. பால் அப்படியே நின்றுவிட்டது."

அவள் ஒரு குச்சியால் மண்ணைக் கீறினாள். பிறகு, தரையைப் பார்த்தபடியே, "எறும்பு கடிச்சா பால் உறையாது சார். சூக்கா ஊத்தணும்" என்றாள்.

"அந்தச் சூக்காவே எறும்பிடமிருந்து வந்ததுதான் அம்மா. முதன்முதலில் எறும்பைக் காய்ச்சித்தான் அந்த அமிலத்தை எடுத்தார்களாம். அதற்கு லத்தீன் மொழியில் எறும்பின் பெயரையே வைத்தார்கள்."

அவள் நிமிர்ந்து மரத்தில் ஏறும் எறும்புகளைப் பார்த்தாள். பிறகு என் கைக்கட்டைப் பார்த்தாள்.

"அப்ப எறும்ப வேலையிலேருந்து நிப்பாட்டிருவாங்களா சார்?"

"நாளைக்குக் கேட்டுக்கொண்டு வருகிறேன்" என்றேன்.

அன்றைக்கே ஒரு கடிதம் எழுதினேன். சூக்கா கொண்டுவரச் சொன்னது நான். எந்தச் சூக்கா என்று சொல்லாதது நான். முன்னால் வைத்ததைச் சோதிக்காமல் ஊற்றியதும் நான். ராஜம்மா என்பவர் பள்ளி கேட்டதைப் பள்ளிக்குக் கொடுத்தார் என்பதைத் தவிர அவர்மேல் சொல்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு படிகள் எழுதினேன். ஒன்று தோட்டத்துக்கு, ஒன்று கல்வி இலாகாவுக்கு.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அலுவலகத்தில், மேலாளரின் மேசைக்கு முன்னால் ராஜம்மா நின்றிருந்தார். கிராணி கோப்பைப் பிரித்து வைத்திருந்தார். மேலாளர் மலாய்க்காரர், இளவயதுக்காரர். தோட்டத்துக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. நான் அனுமதி கேட்டு உள்ளே போய், பையிலிருந்து இரண்டு போத்தல்களை எடுத்து மேசைமேல் வைத்தேன். மேலே ஒட்டியிருந்த பெயர்த்தாளைக் கிழித்து எடுத்திருந்தேன். இரண்டிலும் தண்ணீர் போன்ற திரவம்.

"ஐயா, இது என்ன?" என்று மலாயில் கேட்டு, முதல் போத்தலின் மூடியைச் சற்றே திறந்தேன்.

அவர் முகர்ந்தார். "சூக்கா."

"இது?"

இரண்டாவதை முகர்ந்ததும் தலையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தார். "சூக்கா" என்றார். சொல்லிவிட்டு, தாம் சொன்னதைத் தாமே கேட்டவர்போல இரண்டு போத்தல்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

கடிதத்தை அவர் முன் வைத்தேன். அவர் படித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. தம்புசாமி மூச்சு வாங்க உள்ளே வந்தார்; கழுத்துப்பட்டி ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. காலையில் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்; என்னைத் தடுக்க வந்தார் என்றே எண்ணினேன். அவர் சட்டைப்பையிலிருந்து பள்ளி முத்திரையை எடுத்தார்.

"சொன்னாக் கேக்குறீங்களா மணியம்?" என்று தமிழில் என்னிடம் கடிந்துகொண்டார். "முத்திரை இல்லாத கடுதாசிய இங்க யாரு மதிப்பா?" கடிதத்தை வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே தம் கையெழுத்தையும் போட்டு, முத்திரையை ஊதி ஊதி இரண்டு முறை அழுத்தினார்.

மேலாளர் ராஜம்மாவை நோக்கி, அது தோட்டத்துப் பொருள் என்று தெரிந்தே கொடுத்தாயா என்று கேட்டார். கிராணி தமிழில் சொன்னார்.

"தெரியும் துரை" என்றார் ராஜம்மா. "பள்ளிக்கூடமும் தோட்டத்தோடதுதானேன்னு நினைச்சேன். தோட்டத்து நிலத்துலதானே நிக்குது. நம்ம பிள்ளைங்கதானே படிக்குது."

கிராணி அதை மலாயில் சொன்னார். ஒரு வார்த்தையையும் விடவில்லை. சொல்லி முடித்த பிறகு, பதினெட்டு ஆண்டுகளாக இந்த அம்மாள் ஸ்டோரில் வேலை பார்க்கிறார் என்று, யாரும் கேட்காத ஒன்றையும் தாமாகச் சேர்த்துக்கொண்டார்.

மேலாளர் பேனாவை எடுத்தார். எச்சரிக்கை என்று ஒரு வரி எழுதினார். வேலை இருக்கும், வீடும் இருக்கும். இனிமேல் பள்ளிக்கு எது வேண்டுமானாலும் எழுத்தில் கேட்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார். வெளியே வந்ததும் கிராணி என் தோளைத் தொட்டார். "எழுதிக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்ல சார்? ஆனா எந்தச் சூக்கான்னு நானும் கேட்டிருக்க மாட்டேன்" என்றார்.

ராஜம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, "பால் வர்ற நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு ஸ்டோர் பக்கம் வேகமாக நடந்தார்.

பவானேஸ்வரி பள்ளி வாசலிலேயே காத்திருந்தாள். "எறும்பு வேலையில்தான் இருக்கிறது" என்றேன். அவள் வகுப்புக்குள் ஓடினாள். நான் உள்ளே நுழைவதற்குள் பதினான்கு பிள்ளைகளுக்கும் செய்தி தெரிந்திருந்தது. அன்றைக்கு என்னால் ஒரு கேள்வியைக்கூட முழுதாகக் கேட்டு முடிக்க முடியவில்லை.

கல்வி இலாகாவின் பதில் மூன்று வாரத்தில் வந்தது. பயிற்சிக்கு வேறொருவர் போனார். ஆண்டு முடியும்வரை ஆசிரியர் மணியம் செய்முறைக் காட்சி எதையும் நடத்தக் கூடாது என்றும் அதில் எழுதியிருந்தது. அது நியாயமான உத்தரவுதான். ஆகையால் அறிவியலைக் கரும்பலகையில் வரைந்தே நடத்தினேன்.

பிள்ளைகள் மட்டும் எரிமலையை மறக்கவில்லை. களிமண்ணை மறுபடியும் குழைத்து, உடைந்த இடத்தைப் பூசி, லயத்தையும் புதிதாகக் கட்டி வகுப்பின் மூலையில் வைத்திருந்தார்கள். பள்ளி ஆண்டின் கடைசி வாரத்தில் ஒரு நாள் தம்புசாமி வந்து அதைப் பார்த்தார். உத்தரவை எடுத்து மூக்குக்கண்ணாடி வழியாக இன்னொரு முறை படித்தார்.

"மணியம் நடத்தக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு" என்றார். "பிள்ளையோட அம்மா நடத்தக் கூடாதுன்னு போடல. நீங்க பின்னால போய் உட்காருங்க."

மறுநாள் ராஜம்மா வந்தார். மேசைக்குப் பின்னால் நிற்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஜெயமணியும் இன்னும் நான்கு பெண்களும் ஜன்னலுக்கு வெளியே நின்று கேலி செய்தார்கள். "ராஜம்மா டீச்சர், பாடத்த ஆரம்பிங்க!"

"சும்மா இருங்கடி" என்றார் அவர். ஜைனுதீன் மாமா கடையில் வாங்கி வைத்திருந்த போத்தலைத் திறந்தார். முதலில் முகர்ந்தார். அதன் பிறகும் நம்பாமல் ஒரு கரண்டியில் ஊற்றி, எல்லோரும் பார்க்க, வாயில் விட்டுக்கொண்டார். முகம் எட்டுக் கோணலாயிற்று.

"இது திங்கிறது" என்று அறிவித்தார். "சார், நீங்களும் ஒரு வாய்."

நான் பின்வரிசையிலிருந்து எழுந்து போய், ஒரு வாய் விழுங்கிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகே அவர் மங்குக்குள் ஊற்றினார்.

சிவப்பு நுரை மெல்ல மேலே வந்தது. உச்சியில் சற்று நின்றது. மலையின் ஒரு பக்கமாக வழிந்து இறங்கியது. அவ்வளவுதான். சத்தமே இல்லை.

"இதானா?" என்றான் கவிநேசன் மனமுடைந்து. ஜன்னலுக்கு வெளியே பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பவானேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. மேசையோடு கன்னத்தை ஒட்டிக் குனிந்து நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது லாலாங் புல்லைத் தாண்டிற்று. கோயிலைச் சுற்றிக்கொண்டு வந்தது. தீப்பெட்டி லயத்தின் வாசலை எட்டுவதற்கு ஒரு விரல்கடை முன்னால் நின்று, உடைந்து, அடங்கியது.

"அம்மா" என்றாள் நிமிராமலே. "வீட்டுக்குள்ள வரல."